சோறு இறங்காத பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு

உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றி நம் கரிசல் சீமையில் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. படித்தவரும் படியாதவரும், வைத்தியர்களில் சிலரும், சுகாதாரத் திட்டங்களை வகுக்கும் உத்தியோகஸ்தர்களில் பலரும் அதை ஏறக்குறைய ஒரே குரலில் சொல்வார்கள். சோறு விழுங்கச் சிரமம் என்று ஒருவர் வரும்போது குழாய் விட்டுப் பார்த்தால் போதும். அதற்கு முன்னால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நுண்ணிய படம் காட்டும் உயர்தர எண்டோஸ்கோப், வண்ண ஒளி, சாய மருந்து என்பனவெல்லாம் ஜப்பான் தேசத்தாருக்கும் பெருநகரத்துத் தனவந்தர்களுக்கும் உரிய ஆடம்பரம். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் விதைத்து, மிச்ச நாட்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பிழைக்கிற கோவில்பட்டி வட்டாரத்து ஜனங்களுக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை. இருக்கிற பணத்தைப் புகையிலை ஒழிப்பில் செலவிடுவதே விவேகம் என்பதே அதன் சாரம்.

ஏழைகளின் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிற வாதத்தை மறுப்பது எளிதன்று. மறுக்கிறவன் ஏழைக்கு விரோதியாகவோ, இயந்திரக் கம்பெனிக்குத் தரகனாகவோ தோன்றிவிடும் அபாயம் உண்டு. ஆயினும் இந்த வாதத்தின் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிக்கும்போது, ஏழைக்காகப் பரிந்து பேசுவதுபோலத் தோன்றிக்கொண்டே, பிழைப்பதற்கு அவனுக்கிருந்த ஒரே சந்தர்ப்பத்தை அது கைநழுவ விட்டுவிடுகிறது என்பது தெளிவாகும்.

சிரமம் தோன்றிய பிறகு பார்த்தால் போதும் என்னும் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். வேறு சில நோய்களுக்கு இது பொருந்தலாம், உணவுக்குழாய்க்குப் பொருந்தாது. தொண்டைக்குக் கீழே தொடங்கி இரைப்பையின் வாயில் முடிகிற, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தத் தசைக்குழல் மிகவும் விரிந்து கொடுக்கும் இயல்புடையது. உள்ளே வளர்கிற கட்டி அதன் சுற்றளவில் பெரும்பகுதியை ஆக்கிரமித்து, உட்புற விட்டத்தை 12, 13 மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிடும் வரையில், கெட்டியான ஆகாரம்கூடப் பெரும்பாலும் தடையின்றி இறங்கிவிடுகிறது. அதே உறுப்பில், உட்சவ்வின் மேலடுக்குக்குச் சற்று அடியிலேயே நிணநீர்க் குழல்கள் மேலும் கீழுமாக நெடுக ஓடுகின்றன. வயிற்றுக் குடலைச் சுற்றியிருப்பது போன்ற வெளியுறையும் இதற்கு இல்லை. ஆகவே இந்த நோய் குழலை அடைப்பதற்கு வெகுகாலம் முன்பே குழலுக்கு வெளியே பயணம் புறப்பட்டுவிடுகிறது. மேல்தோல் அடுக்கிலும் அதை ஒட்டிய மெல்லிய திசுவிலும் அது தங்கியிருக்கும் வரையில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். உட்சவ்வின் கீழடுக்கில் ஆழமாக இறங்கிவிட்டாலோ, பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்காவது பரவிவிட்டிருக்கும். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டு நிலைகளிலும் நோயாளி வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இதிலிருந்து விளைவது என்ன? விழுங்கும் சிரமத்தை நோயின் ஆரம்ப லட்சணமாகக் கொள்வது பிழை. பெரும்பாலோர் விஷயத்தில் அது நோய் முற்றியதற்கே அடையாளம். முதல் நிலையிலேயே கண்டு அகற்றப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். எல்லா நிலையினரையும் சேர்த்து உலக அளவில் கணக்கிட்டால் ஐந்தில் ஒருவர் தேறுவதே அரிது. இந்திய தேசத்தில் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 63,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டதாகவும், ஏறத்தாழ 58,000 பேர் இதனால் மாண்டதாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் மதிப்பீடு கூறுகிறது. கண்டவர் தொகையும் மாண்டவர் தொகையும் இவ்வளவு நெருங்கி நிற்கிற நோய்கள் சிலவே. சிரமம் வரும்வரை காத்திருக்கும் கொள்கை நம் தேசத்தில் பரீட்சிக்கப்படாத கொள்கை அன்று. நாள்தோறும் பரீட்சிக்கப்பட்டு, இந்தப் பலனைத் தந்துகொண்டிருக்கிற கொள்கை.

நம் வட்டாரத்தில் அந்தச் சிரமம்கூட மற்ற இடங்களைக் காட்டிலும் பிந்தியே வெளிப்படும் என்று நினைக்க நியாயம் உண்டு. நோய் கண்டவர் முதலில் கடலை மிட்டாயைக் கடிப்பதை நிறுத்துகிறார்; பல்லின் மேல் பழி போடுகிறார். பிறகு தோசையைக் குழம்பில் நன்றாக ஊறவைத்துப் பிசைகிறார். சோற்றைக் குழைய வடிக்கச் சொல்கிறார். கவளத்துக்குக் கவளம் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். கடைசியில், ராத்திரிக்கும் கஞ்சியே போதும் என்கிறார். கெட்டியான ரொட்டியும் மாமிசமும் பிரதான ஆகாரமாக உள்ள தேசத்தில் இந்த மாறுதல் சில நாட்களிலேயே வீட்டாரின் கண்ணில் உறுத்தும். கம்மங்கஞ்சியும் கேப்பைக்கூழும் நீச்சத்தண்ணியும் வெயில் காலத்து இயல்பான உணவாக இருக்கிற கரிசல் காட்டில், வயதான ஒருவர் கஞ்சிக்கு மாறியதை யார் விசேஷமாகக் கவனிப்பார்கள்? “என்ன தாத்தா, விக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?” என்று பேரன் கேட்டாலும், “சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்யா, ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போகும்” என்று பதில் வரும். உடம்பு இளைத்ததற்கு வெயிலும் வேலையும் காரணமாகச் சொல்லப்படும். கஞ்சியும் இறங்காத நாளில்தான் நெல்லை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறார்கள். இத்தகைய ஆகாரப் பழக்கமுள்ள ஜனங்களைப் பார்த்து, ‘சோறு இறங்காவிட்டால் வாருங்கள்’ என்று சொல்வது, வராதீர்கள் என்று சொல்வதற்குப் பெரிதும் வித்தியாசப்படவில்லை.

அடுத்ததாக, சாதாரண எண்டோஸ்கோப் பரிசோதனையே போதும், நுண்மையான படமும் வண்ண ஒளியும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ‘கேமரா விட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க’ என்று நிம்மதியோடு ஊர் திரும்புகிறவர்களின் நம்பிக்கையும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. குழாய் உள்ளே போய்விட்டால் நோய் கண்ணில் பட்டுவிடும் என்பது ஒரு பிரமை. ஆரம்ப நிலையிலுள்ள நோய் கட்டியாகவும் இராது, குழிந்த புண்ணாகவும் இராது. இளஞ்சிவப்புச் சவ்வின் மேல் சற்றே கூடுதலாகச் சிவந்த, மினுக்கம் குறைந்த, சுற்றியுள்ள மெல்லிய ரத்தக்குழல்களின் கோலம் அந்த இடத்தில் மட்டும் அறுந்துபோன, விரல்நகம் அளவுள்ள ஒரு திட்டாகவே இருக்கும். கோழையும் நுரையும் அதன் மேல் படிந்திருந்தால் அந்த அடையாளமும் இல்லை. பருத்திக் காட்டை வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு வெள்ளாமை செழிப்பாகவே தோன்றும். சப்பையை விரித்து, காயைத் திருப்பித் துளை தேடுகிறவனுக்குத்தான் காய்ப்புழு அகப்படும். உலகின் பல இடங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கணக்கு, மேல் உணவுப் பாதையில் புற்றுநோய் கண்டவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு, நோய் நிர்ணயமாவதற்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள்ளேயே எண்டோஸ்கோப் செய்யப்பட்டு, நோய் பிடிபடாமல் போயிருந்தது என்று காட்டியது. மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளையும் உள்ளடக்கிய கணக்கு இது.

முறையாகப் பார்ப்பது எப்படி என்பதைச் சற்று விவரமாகச் சொன்னால்தான், ஆடம்பரம் என்று தூற்றப்படுவது உண்மையில் என்ன என்பது விளங்கும். வெறும் வயிற்றோடு வந்தவருக்கு, கோழையையும் நுரையையும் கரைக்கிற மருந்து கலந்த நீர் கொஞ்சம் குடிக்கக் கொடுக்கிறார்கள். தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லிடுக்கில் ஒரு வளையத்தைப் பொருத்திக் குழாயை இறக்குகிறார்கள். முன்பல்லிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில் உணவுக்குழாயின் வாய். 40 சென்டிமீட்டரை ஒட்டி அதன் முடிவு. நுழைந்த வேகத்தில் இரைப்பைக்குப் பாய்ந்துவிடாமல், ஒட்டியிருக்கும் எச்சிலையும் கோழையையும் நீர் பீச்சிக் கழுவி உறிஞ்சி, சிறிது காற்றை ஊட்டி மடிப்புகளை விரித்து, திரும்பி வரும்போது மறுபடியும் ஒவ்வோர் அங்குலமாகப் பார்க்கவேண்டும். கழுத்துப் பகுதியைக் குழாய் விருட்டென்று கடந்துவிடுவது வழக்கமாதலால், அங்கே விசேஷ நிதானம் வேண்டும்.

இவ்வளவு நேரமும் எரிந்துகொண்டிருந்தது சாதாரண வெள்ளை ஒளி. இப்போது கைப்பிடியிலுள்ள பொத்தானை வைத்தியர் அழுத்துகிறார். ஒளி 415, 540 நானோமீட்டர் என்ற இரண்டு குறுகிய அலைகளாகச் சுருங்குகிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இவ்விரண்டு அலைகளையும் வெகுவாக உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. ஆகையால் மேற்பரப்பிலுள்ள மயிரிழை போன்ற ரத்தக்குழல்கள் பழுப்பாகவும், ஆழத்திலுள்ளவை நீலப்பச்சையாகவும் பிரிந்து தெரிகின்றன. ஆரோக்கியமான சவ்வு வெளிறிய பச்சைச் சாயலோடு கிடக்க, நோயுற்ற இடம் மட்டும் ஓரம் திட்டமாகத் தெரிகிற பழுப்புத் திட்டாக எழுந்து நிற்கிறது. உருப்பெருக்கும் வசதி இருந்தால், அந்தத் திட்டுக்குள் உள்ள நுண்குழல் வளையங்களையே காணலாம். இயல்பானவை மெலிந்து, ஒரே அளவாக இருக்கும். நோயுற்றவை தடித்து, முறுக்கிக்கொண்டு, ஒன்றுக்கொன்று உருவமும் பருமனும் ஒவ்வாமல் இருக்கும். அந்த ஒவ்வாமையின் வகையைக் கொண்டே நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அனுமானிக்கும் முறையை ஜப்பானிய வைத்தியரான இனோவேயும் அவருக்குப் பின்வந்தவர்களும் வகுத்திருக்கிறார்கள்.

பொத்தான் இல்லாத கருவியானால் லுகால் அயோடின் இருக்கிறது. அயோடினையும் பொட்டாசியம் அயோடைடையும் நீரில் கரைத்துச் செய்கிற, 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கத்திலுள்ள திரவம் அது. அதைக் குழலின் உட்பரப்பில் தெளித்தால், நல்ல செல்களில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் அயோடினை ஏற்று, சில விநாடிகளில் சவ்வு முழுவதும் கரும்பழுப்பாகிவிடுகிறது. நோயுற்ற செல்களில் கிளைக்கோஜன் குன்றிப்போயிருப்பதால் அவ்விடம் மட்டும் சாயம் ஏறாமல் மஞ்சள் வெளுப்பாக நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நிமிஷங்களில் அது ரோஜா நிறமாக மாறினால் சந்தேகம் வலுக்கிறது. அங்கிருந்து துளிச் சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பிவிட்டு, அயோடினால் வரும் நெஞ்செரிச்சலைத் தணிக்கத் தயோசல்பேட் கரைசலைத் தெளித்துக் குழாயை வெளியே எடுக்கிறார்கள். பரிசோதனை இவ்வளவுதான்.

இதன் பலன் எத்தகையது என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏற்கனவே கண்டிருந்த 320 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை வெள்ளை ஒளியிலும் மற்றதைக் குறுகிய அலை ஒளியிலும் முதலில் பார்த்து, மூட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுத் திட்டுகளில் வெள்ளை ஒளி கண்டுபிடித்தது 55 விழுக்காடு. குறுகிய அலை ஒளி கண்டுபிடித்தது 97 விழுக்காடு. தேர்ந்த கைகளில், நோய்க்கு மிகவும் இலக்கானவர்களிடத்தில் கிடைத்த எண்கள் இவை. நம் ஊரில் அப்படியே கிடைக்கும் என்று சொல்வது மிகையாகும். ஆனால் தேர்ந்த கைகளுக்கே வெள்ளை ஒளியில் ஏறத்தாழப் பாதி தப்பிப்போகிறது என்றால், அவசரமான கைகளுக்கு எவ்வளவு தப்பும் என்பதைச் சாதாரணப் பரிசோதனையே போதும் என்கிறவர்கள் யோசிக்கவேண்டும்.

இனி ஆடம்பரம் என்னும் குற்றச்சாட்டு. குறுகிய அலை ஒளி வெளிவந்து ஏறத்தாழ இருபதாண்டு ஆகிறது; அதற்குப் பின் விற்பனைக்கு வந்த வீடியோ எண்டோஸ்கோப்புகள் பலவற்றில், ஒரு கம்பெனி ஒரு பேரிலும் மற்றொரு கம்பெனி மற்றொரு பேரிலுமாக, இத்தகைய ஒளி வசதி உடன் வருகிறது. கைப்பிடியில் இருக்கிற பொத்தானை அழுத்துவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. அயோடினின் விலையோ, கருவியின் விலையோடு ஒப்பிட்டுப் பேசத்தக்கதே அன்று. பரதேசத்து வித்தை என்று ஒதுக்குவதும் சரியன்று. கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, வளைந்த வழியிலும் உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதிக் காட்டிய இருவரில் ஒருவர், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. வளைகிற எண்டோஸ்கோப்புக்கு அதுவே அடிப்படை. உண்மையில் குறைவாக இருப்பவை நிதானமாகப் பார்ப்பதற்குரிய சில நிமிஷங்கள், கழுவும் பழக்கம், எதைத் தேடுகிறோம் என்று அறிந்த கண் ஆகிய மூன்றே. இவற்றில் எதையும் கப்பலில் இறக்குமதி செய்யவேண்டியதில்லை.

எளிய சாயமும் பழகிய கண்ணும் கிராமத்தில் என்ன செய்ய இயலும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையை டாக்டர் சங்கரநாராயணனும் சகாக்களும் பரீட்சித்தார்கள். 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 ஸ்திரீகள் பரிசோதனைக்குரிய பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். 2007-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான முடிவின்படி, ஒரே ஒரு முறை பார்த்ததனாலேயே, ஒப்பீட்டுப் பிரிவைக் காட்டிலும் அந்நோய் காண்பது 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. உணவுக்குழாய்க்குள் குழாய் விடாமல் பார்க்க முடியாது என்பதும், அதற்கு வைத்தியரே வேண்டும் என்பதும் மெய்தான். இரண்டும் ஒரே காரியம் என்று வாதிக்கவில்லை. ஆனால் நுட்பமான கண்டுபிடிப்பு வானம் பார்த்த பூமிக்கு ஒத்துவராது என்னும் பொதுவிதியைத் திண்டுக்கல் கிராமங்கள் பொய்யாக்கிவிட்டன என்பதை மறுக்க இயலாது.

சாயம் படியாத இடமெல்லாம் புற்றுநோயா, அழற்சியிலும் படியாதே, வீண் பயமும் வீண் பயாப்ஸியும் அல்லவா விளையும் என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடியே அமெரிக்காவில் ரைஸ் சர்வகலாசாலையின் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கார்ட்டம் குழுவினர், மலிவான உயர்நுண்மை மைக்ரோ எண்டோஸ்கோப் ஒன்றை உருவாக்கினார்கள். எண்டோஸ்கோப்பின் உள்வழியாகவே மெல்லிய இழைக்கற்றை ஒன்றைச் செலுத்தி, புரோஃபிளேவின் என்னும் சாயம் இட்ட இடத்தைத் தொட்டால், செல்களின் உட்கருக்கள் ஒளிர்ந்து, அவை சீராக இருக்கின்றனவா, பருத்து நெருக்கியடித்துக் கிடக்கின்றனவா என்பது அந்தக் கணமே திரையில் தெரிகிறது. சீனத்திலும் அமெரிக்காவிலும் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், நோயில்லாத இடத்தை நோயில்லாதது என்று சரியாகச் சொல்லும் திறன் அயோடினுக்கு மட்டும் பாதியை ஒட்டியே இருந்தது. இக்கருவி சேர்ந்தபோது 80 விழுக்காட்டைக் கடந்தது. இந்தக் கருவி நமக்கு எட்டும்வரை பயாப்ஸிகள் சில கூடுதலாகத்தான் நேரும். ஆயினும் துளிச் சதை எடுத்து நோயில்லை என்று தெரிந்துகொள்வதும், நோய் இருப்பது தெரியாமலே வீடு திரும்புவதும் ஒரே தராசில் வைக்கத்தக்க தவறுகள் அல்ல.

எதிர்த்தரப்பின் வாதங்களில் மிக வலிமையானது இனிமேல்தான் வருகிறது. காஷ்மீரத்திலும் மேகாலயத்திலும் அசாமிலும் உள்ள அளவுக்கு இந்நோய் இங்கே பெருவாரியாக இல்லையே. ஆயிரக்கணக்கானவர்களின் தொண்டையில் குழாய் விட்டு ஒருவரைக் கண்டுபிடிப்பது விரயமல்லவா என்கிறார்கள். ஊரார் அனைவருக்கும் என்று யாராவது யோசனை சொன்னால், அதை எதிர்ப்பவர்களின் வரிசையில் நானும் நிற்பேன். தமிழ்நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய்களுள் இதுவும் ஒன்றாக இருந்தபோதிலும், வீடுவீடாக எண்டோஸ்கோப் செய்யும் அளவுக்கு இது மலிந்ததன்று. ஆனால் ‘எல்லோருக்கும் வேண்டாம்’ என்பதிலிருந்து ‘யாருக்கும் வேண்டாம்’ என்ற முடிவுக்குத் தாவுவது தர்க்கம் ஆகாது. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இதற்குச் சிறந்த பாடம். வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்க்கும் அந்த முறையினால், மொத்த ஜனத்தொகையில் மரணம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. யாரைப் பார்ப்பது என்பதைச் சரியாகத் தீர்மானித்தால், அபூர்வமான நோயும் அபூர்வமாக இராது.

கரிசல் வட்டாரத்தில் அந்த ‘யார்’ என்பவர்களைத் தேடிக் களைக்கவேண்டியதில்லை. பல்லாண்டு காலமாகப் பீடியோ சுருட்டோ புகைத்து, அதோடு சாராயமும் குடித்தவர்கள். வெற்றிலை பாக்கோடு புகையிலையை அடக்கிவைத்தவர்கள். வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றுத் தேறியவர்கள். எப்போதோ காஸ்டிக் சோடாவைக் குடித்து உணவுக்குழாய் வெந்து சுருங்கிப் பிழைத்தவர்கள். உணவுக்குழாயின் கீழ்வாய் திறவாத அக்கலேசியா நோயுள்ளவர்கள். ரத்தசோகை முற்றி, தொண்டையின் கீழே மெல்லிய சவ்வு குறுக்கிட்டு விழுங்கச் சிரமப்படுகிற ஸ்திரீகள். இவர்களே அவர்கள். வாயில் புற்றுநோய் வந்தவருக்கு உணவுக்குழாயிலும் வரும் வாய்ப்பு ஏன் அதிகம் என்பதை, ஸ்லாட்டர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1953-லேயே சொன்ன கருத்து விளக்குகிறது: புகையும் மதுவும் ஓரிடத்தை மட்டும் கெடுப்பதில்லை, தாம் தொட்டுச் சென்ற பரப்பு முழுவதையுமே கெடுத்து வைக்கின்றன. முப்பது வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றைப் பரிசோதிக்க மத்திய அரசு 2016-இல் வழிமுறை வகுத்திருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டோ ரணமோ கண்டவரின் பேர் அந்தப் பரிசோதனை ஏட்டில் எழுதப்படுகிறது. அதே மனிதரின் உணவுக்குழாயைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

முன்கூட்டிக் கண்டுபிடித்தால் நோயோடு வாழும் காலம்தான் நீண்டதாகத் தோன்றும், சாவு என்னவோ அதே நாளில்தான் வரும் என்று சொல்லும் புள்ளிவிவர வல்லுநர்களும் உண்டு. பொதுவாக இது மதிக்கவேண்டிய எச்சரிக்கை. அதனால்தான் கண்டபின் வாழ்ந்த ஆண்டுகளை விட்டுவிட்டு, மாண்டவர் தொகையை எண்ணவேண்டும். சீனத்தில் இந்நோய் மிகுந்த சிசியான் பகுதியில், சில கிராமத்தாரை ஒருமுறை அயோடின் தெளித்துப் பார்த்து, வேறு சில கிராமத்தாரைப் பார்க்காமல் விட்டு, பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, பார்க்கப்படாத கிராமங்களில் இந்நோயால் மாண்டவர் 5.05 விழுக்காடு, பார்க்கப்பட்ட கிராமங்களில் 3.35 விழுக்காடு. நோய் காண்பதே 5.92-இலிருந்து 4.17 ஆகக் குறைந்தது. ஏனெனில் புற்றாக முதிர்வதற்கு முந்திய திட்டுகளும் அகற்றப்பட்டன. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத ஆராய்ச்சி அது. அந்தப் பகுதியின் நோய்ப்பெருக்கம் நமக்கு இல்லை. ஆயினும் சாவின் நாள் மாறாது என்ற விதிவாதத்தை அது தகர்த்துவிடுகிறது.

கண்டுபிடித்து என்ன செய்வது, சிகிச்சைக்கு எங்கே போவது என்பது மற்றோர் ஆக்ஷேபம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மேலடுக்கில் நிற்கும் திட்டை, மார்பைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப்பின் வழியாகவே அடியில் திரவம் செலுத்தி உயர்த்தி, சுற்றிலும் அறுத்து உரித்தெடுத்துவிடலாம். சில நாட்களில் நோயாளி சாப்பிட்டுக்கொண்டு வீடு திரும்புவார். உணவுக்குழாய் அவருடையதாகவே இருக்கும். முற்றிய நோய்க்கோ, மருந்தும் கதிரும் செலுத்தி, மார்பையும் வயிற்றையும் திறந்து, உணவுக்குழாயை நீக்கி, இரைப்பையைக் குழலாக்கி மேலே இழுத்துக் கழுத்தில் இணைக்கவேண்டும். அதுவும் இயலாதென்றால் கம்பிச் சுருள் வைத்து அடைப்பை அகட்டிவிட்டு, இருக்கிற நாளை ஓட்டவேண்டும். வசதி இல்லை என்று சொல்லிச் சிறிய சிகிச்சையை மறுக்கிறவர்கள், அதன் பலனாகப் பெரிய சிகிச்சையை நோயாளியின் தலையில் கட்டுகிறார்கள். அந்தச் சிறிய சிகிச்சைக்கு நல்ல தேர்ச்சி வேண்டும். அது கோவில்பட்டியிலேயே நடக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பாளையங்கோட்டை ஐம்பது, அறுபது கிலோமீட்டர். மதுரை நூறு கிலோமீட்டர். முற்றிய நோயாளி இன்றும் போகிற பாதைதான் அது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்தப் பஸ்ஸில் ஏறுவதில் என்ன நஷ்டம்?

கடைசியாக, தடுப்பே மேல் என்னும் உபதேசம். புகையிலையையும் மதுவையும் விடச் செய்வதும், பாக்கு தனித்தே புற்றுநோய்க்குக் காரணம் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் முடிவு செய்ததை ஊரறியச் சொல்வதும், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானத்தை அப்படியே விழுங்குவது நன்றன்று என்று அதே ஸ்தாபனம் 2016-இல் எச்சரித்ததை டீக்கடை பெஞ்சு வரைக்கும் கொண்டுபோவதும் செய்யவேண்டிய காரியங்களே. ஆனால் இன்று பிரசாரம் செய்து ஒரு வாலிபனைப் பீடியிலிருந்து மீட்டால், அதன் பலன் பல்லாண்டு கழித்தே தெரியவரும். முப்பது வருஷம் புகைத்து ஓய்ந்த அவன் தகப்பனாருக்கு அந்தப் பிரசாரம் என்ன செய்யும்? அவருடைய உணவுக்குழாயில் ஏற்கனவே ஏற்பட்டுவிட்ட மாறுதலைச் சுவரொட்டி அழித்துவிடாது. தடுப்பையும் கண்டுபிடிப்பையும் சக்களத்திகளாக்கி ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விரட்டுவது, இரண்டில் எதையும் முழுமனதோடு செய்யாதவர்களின் சாதுரியம்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது பெரிய கட்டடமும் அன்று, கோடி ரூபாய் இயந்திரமும் அன்று. வாய்ப் பரிசோதனை ஏட்டில் பேர் ஏறியவர்களையும், புகையும் மதுவும் நெடுநாள் பழகியவர்களையும், வாய், தொண்டைப் புற்றுநோயிலிருந்து தேறியவர்களையும் எண்டோஸ்கோப்புக்கு அனுப்பும் ஒழுங்கு வேண்டும். கோவில்பட்டி, சங்கரன்கோவில், சாத்தூர், விளாத்திகுளம் வட்டாரங்களில் இந்தப் பணியைச் செய்யும் வைத்தியர்களுக்கு, வண்ண ஒளியிலும் அயோடினிலும் திட்டை அடையாளம் காணும் பயிற்சி வேண்டும். மருந்துப் பட்டியலில் லுகால் அயோடின் இருக்கவேண்டும். எண்டோஸ்கோப் அறிக்கை ஒவ்வொன்றிலும், எந்த ஒளியில் பார்க்கப்பட்டது, சாயம் தெளிக்கப்பட்டதா, எத்தனை நிமிஷம் பார்க்கப்பட்டது என்பவை படங்களோடு பதிவாகவேண்டும். ‘இயல்பாக உள்ளது’ என்ற ஒற்றை வரி இத்தகைய நோயாளிகளுக்கு அறிக்கை ஆகாது என்று நோயாளியின் மக்களும் தெரிந்துகொண்டு கேட்கவேண்டும்.

இதற்கு மேலும் ஆடம்பரம் என்று சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர், வேறெதற்காகவோ எண்டோஸ்கோப் மேஜையில் படுத்திருக்கிறார்; குழாய் ஏற்கனவே உள்ளே இருக்கிறது; பொத்தான் வைத்தியரின் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. அதை அழுத்த வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் என்ன காரணம் இருக்கிறது? ஏழ்மை அதற்குக் காரணமாகாது, தூரமும் ஆகாது, நோயின் அபூர்வமும் ஆகாது. பழக்கம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பழக்கத்தைச் சிக்கனம் என்று பேர் மாற்றி அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.